சம்பளம் இழந்த சிப்பாயும் காவல் இழந்த கிடங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயங்கரவாதிகள் பதுங்கியிருக்கும் நாட்டின் மீது பெரும் படையெடுத்து அதை ஒருமுறை தரைமட்டமாக்கிவிட்டால் பயங்கரவாதம் அடியோடு ஒழிந்துவிடும் என்ற கருத்தைத் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி காண்கிறேன். எழுதுபவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அப்பாவிகளைக் கொல்பவர்கள் மீது கோபம் வராமல் இருந்தால்தான் தவறு. ஆனால், முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், அந்த வழியை ஒரு நாட்டில் முழுமையாகச் செய்து பார்த்தபோது என்ன நடந்தது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்த நாடு ஈராக்.

2003 பிப்ரவரி 5ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், சதாம் உசேன் அரசுக்கும் அல் காய்தாவுக்கும் தொடர்பு இருப்பதாகக் கூறி, அதற்குச் சான்றாக அபு முசாப் அல் ஜர்காவி என்ற ஜோர்டானியரின் பெயரைப் பலமுறை குறிப்பிட்டார். அதுவரை அந்தப் பெயரை உலகில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையோ, ஈராக் அரசும் அல் காய்தாவும் கைகோத்துச் செயல்பட்டதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னது. ஆக, இல்லாத உறவை ஒழிக்கப் புறப்பட்ட போர், ஜர்காவியிடம் இருந்த ஒரு சிறு கும்பலைப் பெரும் படையாக வளர்த்துவிட்டது. இப்படிச் சொல்வதால் சதாம் உசேனுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டாம். 1988இல் ஹலப்ஜா நகரில் ஆயிரக்கணக்கான குர்து மக்களை நச்சுப்புகையால் கொன்ற ஆட்சி அது. அந்த ஆட்சி போனதற்காக நான் வருந்தவில்லை. அது போன மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

2003 ஏப்ரல் 9ஆம் தேதி பாக்தாத் வீழ்ந்தது. அமெரிக்கா நியமித்த நிர்வாகியான பால் பிரெமர், மே 16ஆம் தேதி தம் முதல் ஆணையின் மூலம் ஆளுங்கட்சியாக இருந்த பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கினார். ஒரு வாரம் கழித்து மே 23ஆம் தேதி இரண்டாவது ஆணையின் மூலம் ஈராக் ராணுவத்தையே கலைத்தார். ஏறத்தாழ 4 லட்சம் ராணுவத்தினர், வேறு எந்தத் தொழிலும் அறியாதவர்கள், துப்பாக்கியைக் கழற்றி மாட்ட மட்டுமே கற்றவர்கள், ஒரே நாளில் சம்பளமும் ஓய்வூதியமும் மரியாதையும் இழந்து வீட்டுக்குப் போனார்கள். வயிற்றில் அடிப்பது என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான் அங்கே நடந்தது. ஜூன் 18ஆம் தேதி பாக்தாதில் அந்த முன்னாள் ராணுவத்தினர் திரண்டு சம்பளம் கேட்டு ஆர்ப்பாட்டம் செய்தபோது அமெரிக்கப் படையினர் சுட்டதில் இருவர் இறந்தனர். அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் அவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள் பணம் கொடுக்க வேறு ஆட்கள் அவர்களைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் ஆணையைப் பற்றியும் ஒரு ஆசிரியனாகச் சிறிது சொல்ல வேண்டும். சதாம் ஆட்சியில் கட்சி உறுப்பினராக இல்லாமல் அரசு வேலையில் மேலே வர இயலாது என்பதால், கொள்கைப் பற்று எதுவும் இல்லாத மருத்துவர்களும் பொறியாளர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் கூடக் கட்சி அட்டை வைத்திருந்தார்கள். ஆணை நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரம் பள்ளி ஆசிரியர்கள் வேலையை இழந்தார்கள். அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை உள்ளூர் அரசியல்வாதிகளிடம் விட்டது தவறு என்று பிரெமரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆசிரியர் இல்லாத பள்ளி என்பது ஒரு ஊரில் எத்தகைய வெறுமையை உண்டாக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். படிக்க வேண்டிய பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். தெருவில் துப்பாக்கிகள் இருந்தன.

துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். பாக்தாத் வீழ்ந்த நாட்களில் எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் போட்ட படைக்கு, தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஆயுதக் கிடங்குகளுக்கும் காவல் போட ஆள் போதவில்லை. பாக்தாதுக்குத் தெற்கே அல் காக்கா என்ற இடத்தில் இருந்த கிடங்கிலிருந்து சுமார் 340 டன் உயர்திறன் வெடிபொருட்கள், காவல் இல்லாத காரணத்தால் களவு போய்விட்டதாக ஈராக் அதிகாரிகள் சர்வதேச அணுசக்தி முகமைக்குத் தெரிவித்த செய்தி 2004 அக்டோபரில் வெளியானது. அவற்றில் ஒரு பகுதி அந்த முகமையே போருக்கு முன்பு முத்திரையிட்டு வைத்திருந்தது. நாடு முழுவதும் இப்படி எத்தனையோ கிடங்குகள் திறந்து கிடந்தன. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை முதலில் புரிந்துகொண்டவர்கள் திருடர்கள். அடுத்துப் புரிந்துகொண்டவர்கள் ஜர்காவியின் ஆட்கள். பின்னர் ஆண்டுக்கணக்கில் சாலையோரங்களில் வெடித்த குண்டுகளில் பல, பழைய ராணுவத்தின் பீரங்கிக் குண்டுகளைக் கொண்டு செய்யப்பட்டவை.

இவ்வளவுக்கும் பிறகும் மக்கள் உடனே பயங்கரவாதிகளின் பின்னால் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபல்லூஜா நகரை எடுத்துக்கொள்வோம். போரின்போது பெரிய சண்டை ஏதும் நடக்காத ஊர் அது. 2003 ஏப்ரல் இறுதியில் அமெரிக்கப் படையினர் அங்கே ஒரு தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் முகாமிட்டார்கள். பள்ளியைக் காலி செய்து கொடுங்கள், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கேட்டு ஏப்ரல் 28ஆம் தேதி மாலையில் ஊர்மக்கள் ஊர்வலமாக வந்தார்கள். கூட்டத்திலிருந்து தங்களை நோக்கிச் சுட்டதாகப் படையினர் சொன்னார்கள்; ஊரார் அதை மறுத்தார்கள். பள்ளியின் மாடியிலிருந்து படையினர் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பள்ளிக்கூடம் கேட்டுப் போனவர்களைப் பிணமாகத் தூக்கி வந்த ஊர், அடுத்த ஓராண்டில் என்னவானது என்பதை உலகம் பார்த்தது. 2004 ஏப்ரலில் ஒரு போர், நவம்பரில் அதைவிடப் பெரிய இரண்டாவது போர். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் ஃபல்லூஜா, ஜர்காவி போன்றோரின் கோட்டையாகிவிட்டிருந்தது. அதே 2004 ஏப்ரலில் அபு கிரைப் சிறையில் கைதிகளை அம்மணமாக்கி அவமானப்படுத்திய படங்கள் வெளியாயின. ஆள் சேர்ப்பவனுக்கு அதற்கு மேல் பிரசாரம் செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆனால், அவமானத்தால் வந்த கோபம் மட்டுமே ஜர்காவியின் அமைப்பை வளர்த்தது என்றால் அது பாதி உண்மைதான். மறுபாதி, அச்சம். அந்நியப் படையோடு மோதுவதைவிட, முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான ஷியா மக்களைக் கொன்று அவர்களைப் பழிவாங்கத் தூண்டினால் மற்றொரு பிரிவினரான சன்னி மக்கள் தங்களிடம் வந்து ஒதுங்குவார்கள் என்று ஜர்காவி கணக்குப் போட்டார். 2003 ஆகஸ்டில் நஜஃப் நகரின் இமாம் அலி பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் மீது நடந்த குண்டுவெடிப்பும், 2006 பிப்ரவரி 22ஆம் தேதி சமாரா நகரின் அல் அஸ்கரி புனிதத் தலத்தின் பொற்கூரை தகர்க்கப்பட்டதும் அந்தக் கணக்கின் பகுதிகளே. கணக்குப் பலித்தது. சமாராவுக்குப் பிறகு பாக்தாதின் தெருக்களில் காலைதோறும் பிணங்கள் கிடந்தன. பெயரைக் கேட்டே ஆளை அடையாளம் கண்டு கொன்றார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் அங்கிருப்பவனே எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவைச் சேர்ந்தவனாக இருந்தான். அப்படிப்பட்ட ஊரில், தன் தெருவின் முனையில் துப்பாக்கியோடு நிற்பவன் கொலைகாரன் என்று தெரிந்தும், அவன் நம் கொலைகாரன் என்று எண்ணிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு குடும்பம் உறங்கப் போகும். போர் இல்லாத ஊரில் அவனுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது. பயங்கரவாதி தானே மூட்டிய தீக்குத் தானே காவல்காரனாகும் வாய்ப்பைத் தருவது, அரசு உடைந்த நிலம்தான். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்பார்களே, அதே கதைதான்.

சிறைகளும் இதற்குத் துணை செய்தன. தெற்கு ஈராக்கின் புக்கா முகாமில் பல்லாயிரம் பேரை விசாரணையின்றி ஒன்றாக அடைத்து வைத்திருந்தார்கள். ஐயத்தின் பேரில் பிடிபட்ட கடைக்காரனும், வேலையிழந்த ராணுவ அதிகாரியும், தீவிர மதவெறியனும் ஒரே கூடாரத்தில் மாதக்கணக்கில் இருந்தார்கள். பின்னாளில், ஜர்காவியின் அமைப்பிலிருந்து வளர்ந்த ஐ.எஸ். அமைப்பின் தலைவரான அபு பக்கர் அல் பாக்தாதியும் 2004இல் அமெரிக்கக் காவலில் சில மாதங்கள் இருந்து விடுதலையானவரே. அந்த அமைப்பைத் திட்டமிட்டுக் கட்டியவர்களில் முக்கியமானவராகக் கருதப்படும் ஹாஜி பக்கர், சதாமின் படையில் கர்னலாக இருந்து பிரெமரின் ஆணையால் வேலையிழந்தவர். 2014 ஜனவரியில் சிரியாவின் தல் ரிஃபாத் ஊரில் அவர் கொல்லப்பட்டபோது கிடைத்த கையெழுத்துத் தாள்களை ஒரு ஜெர்மானிய வார இதழ் பின்னர் வெளியிட்டது. அவற்றில் மதத்தைப் பற்றி அதிகம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் செல்வாக்குள்ள குடும்பங்கள் எவை, அவர்களுடைய வருமானம் எங்கிருந்து வருகிறது, யாருடைய ரகசியத்தை வைத்து யாரை மிரட்டலாம் என்று வேவு பார்ப்பதற்கான திட்டமே இருந்தது. ஒரு உளவுத்துறை அதிகாரி அரசுக்காகச் செய்யும் வேலையை, அரசு இல்லாதபோது அவர் வேறொரு முதலாளிக்குச் செய்தார்.

எனக்குச் சில நண்பர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. அது ஒதுக்கிவிடக் கூடியதும் அல்ல. கடைசியில் ஐ.எஸ். அமைப்பிடமிருந்து மொசூல் நகரை மீட்டது படைபலம்தானே, பேச்சுவார்த்தை அல்லவே என்று கேட்கிறார்கள். உண்மைதான். 2014 ஆகஸ்டில் சிஞ்சார் மலையடிவாரத்தில் யாசிதி என்ற சிறுபான்மைச் சமயத்து ஆண்களைக் கொன்று பெண்களை அடிமைகளாக விற்றவர்களை ஆயுதம் இல்லாமல் தடுத்திருக்க முடியாது. ஆனால், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அந்த அமைப்பு ஒருமுறை ஏறக்குறைய அழிந்துபோனது என்பதையும், அது எப்படி அழிந்தது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். 2006 முதல் அன்பார் மாகாணத்துச் சன்னி குலத் தலைவர்கள், தங்கள் பிள்ளைகளைக் கொன்று பெண்களைக் கட்டாயத் திருமணம் செய்த அந்தக் கூட்டத்தைத் தாங்களே எதிர்த்து எழுந்தார்கள். அவர்களை முன்னின்று திரட்டிய அப்துல் சத்தார் அபு ரிஷா 2007 செப்டம்பரில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார், எழுச்சி நிற்கவில்லை. அந்த எழுச்சியில் உருவான உள்ளூர்க் காவல் படைகளில் சுமார் 1 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அமெரிக்கா அவர்களுக்கு மாதம் ஏறத்தாழ 300 டாலர் கொடுத்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு நிறுத்திய சம்பளத்தில் ஒரு பங்கைத் திரும்பக் கொடுத்தவுடன், அத்தனை டாங்கிகளாலும் முடியாதது முடிந்தது. 2010இல் அந்த அமைப்பின் தலைவர்கள் இருவரும் கொல்லப்பட்டபோது, அதன் கதை முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினார்கள்.

பிறகு வாக்குறுதி மீறப்பட்டது. அந்தக் காவல் படையினரில் ஐந்தில் ஒரு பங்கினரைக் காவல்துறையிலும் ராணுவத்திலும் சேர்த்து, மற்றவர்களுக்குப் பிற அரசு வேலை தருவதாகச் சொன்ன உறுதியைப் பிரதமர் நூரி அல் மாலிகியின் அரசு முழுமையாக நிறைவேற்றவில்லை. பலரைக் கைதும் செய்தது. அமெரிக்கப் படை 2011 டிசம்பரில் வெளியேறியது. 2012 இறுதியில் சன்னி நகரங்களில் அமைதியாகத் தொடங்கிய போராட்டங்களை அரசு காது கொடுத்துக் கேட்கவில்லை. 2013 ஏப்ரலில் ஹவிஜா ஊரில் போராட்டப் பந்தலுக்குள் படை புகுந்ததில் பலர் மாண்டனர். எல்லைக்கு அப்பால் சிரியாவில், 2011 மார்ச்சில் தரா நகரச் சுவரில் எழுதிய சிறுவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்த அரசின் செயலால் தொடங்கிய கிளர்ச்சி, உள்நாட்டுப் போராக வெடித்திருந்தது. ஒடுங்கிக் கிடந்த அமைப்புக்கு ஒரு பக்கம் கோபம் கொண்ட ஊர்களும் மறுபக்கம் கேட்பாரற்ற நிலமும் கிடைத்தன. 2014 ஜூன் 10ஆம் தேதி மொசூல் விழுந்தது. தாக்க வந்தவர்களைவிடப் பன்மடங்கு பெரிதான அரசுப் படை ஓடிப்போனது. சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்து பணிக்கே வராத சிப்பாய்கள் 50,000 பேர் இருந்ததாக அடுத்த பிரதமர் ஹைதர் அல் அபாதி அந்த ஆண்டு இறுதியில் அறிவித்தார். மொசூலில் மட்டும் 2,300 அமெரிக்கக் கவச வாகனங்கள் ஐ.எஸ். கையில் சிக்கியதாகவும் அவரே பின்னர் கூறினார்.

அந்த ஜூன் மாதத்தை எங்கள் மாவட்டத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். திக்ரித் நகர மருத்துவமனையில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர்களில் மற்றவர்கள் எல்லாம் கேரளத்தினர். ஒருவர் எங்கள் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். கடன் வாங்கிச் செவிலியர் படிப்புப் படித்து, அந்தக் கடனை அடைக்க வெளிநாடு போகும் பிள்ளைகள் எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு இருப்பதால், தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்திருந்த ஒவ்வொரு தாயும் அந்தப் பெண்ணில் தன் மகளைக் கண்டாள். ஜூலை 5ஆம் தேதி அவர்கள் கொச்சியில் வந்திறங்கினார்கள். அதே மொசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் திரும்பவே இல்லை. நான்கு ஆண்டுகள் அவர்களுடைய குடும்பங்கள் உயிரோடு இருப்பார்கள் என்று காத்திருக்க, 2018 மார்ச் 20ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் அவர்கள் கொல்லப்பட்டதை அறிவித்தார். படுஷ் ஊரின் மண்மேட்டுக்குள் நீண்ட தலைமுடியும், பஞ்சாபியர் கையில் அணியும் இரும்பு வளையமும் கிடைத்ததாக அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. பஞ்சாபிலிருந்தும் பீகாரிலிருந்தும் கூலி வேலைக்குப் போனவர்களுக்கும் 2003ஆம் ஆண்டின் ஆணைகளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று யாரும் கேட்கவில்லை.

எச்சரிக்கை இல்லாமல் நடந்தவையும் அல்ல இவை. ஈராக் மீது படையெடுத்தால் அல் காய்தாவால் வரும் ஆபத்து கூடும் என்று பிரிட்டனின் கூட்டு உளவுக் குழு 2003 பிப்ரவரியிலேயே தன் அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறைத் தலைவராக இருந்த எலிசா மேனிங்ஹாம் புல்லர், 2010இல் ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை ஆராய்ந்த சில்காட் விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, அந்தப் போர் தம் நாட்டு இளைஞர்கள் சிலரைத் தீவிரவாதத்தின் பக்கம் தள்ளியதை வெளிப்படையாகச் சொன்னார். ஈராக் மட்டும் விதிவிலக்கு என்றும் சொல்வதற்கில்லை. 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை சோமாலியாவுக்குள் புகுந்த பிறகுதான் அல் ஷபாப் என்ற பயங்கரவாத அமைப்பு ஒரு சிறு பிரிவாக இருந்த நிலையிலிருந்து நாட்டின் தெற்கு, மத்தியப் பகுதிகளில் பெரும்பாலானவற்றை ஆளும் படையானது. ஏமன் போரின் குழப்பத்தில் 2015 ஏப்ரலில் முக்கல்லா துறைமுக நகரைப் பிடித்த அல் காய்தாவினர், வங்கியைக் கொள்ளையிட்டு, சிறையைத் திறந்துவிட்டு, ஓராண்டு காலம் கப்பல்களிடம் வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நிலத்தை மீட்டதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. 2019 மார்ச் 23ஆம் தேதி சிரியாவின் பாகூஸ் கிராமத்தில் ஐ.எஸ். அமைப்பின் கடைசித் துண்டு நிலமும் பறிபோனது. அதற்கு நான்கே வாரங்கள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து நின்றிருந்த தமிழ்க் குழந்தைகளும் அவர்களில் அடக்கம். அது பாகூஸுக்குப் பழிவாங்கல் என்று அல் பாக்தாதி ஒரு காணொளியில் பெருமையடித்தார். அந்தக் கொலைகளுக்கு மொசூலிலிருந்து நேர்க்கோடு போட நான் முயலவில்லை. கொன்றவர்களுக்கும், முன்னெச்சரிக்கை கிடைத்தும் அசட்டையாக இருந்த அதிகாரிகளுக்கும் உரிய பொறுப்பு அவர்களுடையதே. ஆனால், நிலத்தோடு சேர்த்து எண்ணத்தையும் புதைத்துவிட்டோம் என்ற வெற்றி முழக்கம் ஒரு மாதம் கூட நிலைக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். பாகூஸிலிருந்து வெளியேறியவர்களால் நிரம்பிய அல் ஹோல் முகாமில் அந்த ஆண்டு 70,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகளில் பலர் முறையான பள்ளியின் வாசலையே பார்க்காமல் கம்பி வேலிக்குள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தார்கள்.

ஆகவே, தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்காவது போர் மூளும்போது தங்கள் நாளிதழ் ஏவுகணைகளின் வரைபடத்தையும் படைகளின் எண்ணிக்கையையும் மிகத் தெளிவாக வெளியிடுகிறது. அவற்றோடு, கலைந்த படையின் சிப்பாய்க்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், ஆயுதக் கிடங்குக்கு யார் காவல், சிறையில் இருப்பவர்களை யார் விசாரிக்கிறார்கள், பள்ளிகள் எப்போது திறக்கின்றன என்ற செய்திகளையும் தேடி வெளியிட வேண்டும். போரின் முதல் வாரத்தில் மட்டும் அல்லாமல், உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்ட ஐந்தாவது ஆண்டிலும் அவற்றை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்.